விதைக்கரணைச் சான்றில் வைரஸ் பரிசோதனை முடிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரும்பு விளைச்சல் இறங்குவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மழை, கிணற்றுத் தண்ணீர், வெட்டுக்கூலி, ஆலை நிலுவை ஆகியவை செய்தியாகின்றன. நடுகின்ற கரணை, அதாவது விதையாகப் பயன்படும் கரும்புத் துண்டு, செய்தியாவதே இல்லை. ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்கில் பக்கத்து வயலில் வெட்டி நட்டு வரும் ஊர்களில் "ரகம் தேஞ்சு போச்சு" என்று விவசாயிகள் சொல்வார்கள். 2000-இல் வெளியாகி, தமிழகக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட கோ 86032 பற்றியும் இந்தப் பேச்சு இருக்கிறது. ரகத்தின் குணம் அப்படித் தானாகத் தேய்ந்துவிடாது. கரணைக்குள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும் வைரஸ்கள்தான் அந்தத் தேய்வுக்குப் பெரிய காரணம். அந்த வைரஸ்களும் நேற்று இருந்தபடி இன்று இருப்பதில்லை. விதைக்கரணைச் சான்றளிப்பில் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

நெல்லும் சோளமும் விதையிலிருந்து முளைக்கின்றன. பெரும்பாலான பயிர் வைரஸ்கள் விதை வழியாகக் கடப்பதில்லை. ஒவ்வொரு பட்டமும் பயிர் ஏறக்குறைய சுத்தமாகத் தொடங்குகிறது. கரும்பில் அந்த வடிகட்டி கிடையாது. கரணை என்பது தாய்க் கரும்பின் உடம்பிலேயே ஒரு துண்டு. தாயின் சாற்றுக் குழாயில் இருந்த வைரஸ் அப்படியே பிள்ளைக்கு வருகிறது. அதன் மேல், வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கவிடும் மறுதாம்பு ஒன்று, இரண்டு என்று விட்டால் அதே வேரில் வைரஸுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு வாழ்வு கிடைக்கிறது. ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை நடுகிறோம். அவற்றில் எத்தனை நோயோடு வருகின்றன என்பது நடும் அன்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் மஞ்சள் இலை நோய். வயலில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் நோய் இது. ஐந்தாறு மாதம் வரை பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும். அதன் பிறகு, உச்சியிலிருந்து மூன்றாவது முதல் ஆறாவது தோகை வரை திருப்பிப் பார்த்தால் நடுநரம்பின் அடிப்பக்கம் மட்டும் மஞ்சளாக ஓடும். மஞ்சள் நுனியிலிருந்து கீழே இறங்கும், நரம்பிலிருந்து பக்கவாட்டில் பரவும், பின்பு நுனி காயும். முற்றிய நிலையில் உச்சிக் கணுக்கள் குறுகி, தோகைகள் விசிறிபோல ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். மறுதாம்பில் இது நடவுக் கரும்பைவிடக் கடுமையாக வரும்.

இதைத் தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போடுகிறார்கள். இரும்புச் சத்துக் குறைவு என்று அன்னபேதி தெளிக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. தழைச்சத்துக் குறைந்தால் அடித்தோகை முழுதும் சீராக வெளிறும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்துக் குறைந்தால் குருத்துத் தோகையில் நரம்புகள் பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். அன்னபேதி தெளித்ததும் புதிதாக வரும் தோகை தேறிவிடும். மஞ்சள் இலை நோயில் நிறம் மாறத் தொடங்கும் இடமே நடுநரம்புதான். எதைத் தெளித்தாலும் தேறாது. காரணம் எளிது. வைரஸ் சாற்றுக் குழாயை அடைத்துக்கொள்வதால் இலையில் உருவான சர்க்கரை தண்டுக்கு இறங்காமல் நரம்பிலேயே தேங்கி நிற்கிறது. எடை குறைவது அதனால்தான். உரம் போதாமல் அல்ல.

இந்த நோய் ஹவாய்த் தீவுகளில் 1989-இல் கவனத்துக்கு வந்தது. 1990களில் பிரேசிலில் ஒரு முக்கிய ரகத்தையே வயலைவிட்டு வெளியேற்றியது. 1999-இல் இந்தியாவில் பதிவானது. இதன் மரபுத்தொகுதி ஏறத்தாழ 5,900 மரபு எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அந்தச் சின்ன இழையைப் பிரித்துப் படித்தபோதுதான் இதன் பிறப்பு விளங்கியது. தன்னைத்தானே படியெடுக்கும் மரபணுக்கள் உள்ள முன்பகுதி, உருளைக்கிழங்கைத் தாக்கும் போலிரோ வைரஸ்களை ஒத்திருக்கிறது. மேலுறைப் புரதத்துக்கான பகுதி, வாற்கோதுமையைத் தாக்கும் லூட்டியோ வைரஸ்களை ஒத்திருக்கிறது. இந்த வைரஸைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினியின் உடம்பைக் கடந்து போக உதவும் கடைசிப் பகுதி, பட்டாணியைத் தாக்கும் ஈனாமோ வைரஸுக்கு நெருக்கம். அதாவது, எப்போதோ ஒரே செடியின் ஒரே செல்லுக்குள் வேறுவேறு வைரஸ்கள் கூடியிருந்தபோது இழைகள் வெட்டுண்டு ஒட்டி உருவான வைரஸ் இது. 2000-ஆம் ஆண்டிலேயே இது ஆய்விதழ்களில் வந்துவிட்டது. இப்படிப்பட்ட கலப்பு இந்தக் கூட்டத்தில் அடிக்கடி நடந்திருப்பதால், இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்திருந்த பழைய குடும்பப் பெயரையே வைரஸ் வகைப்பாட்டாளர்கள் கலைத்துவிட்டு, அவற்றை இரண்டு வேறு குடும்பங்களில் பிரித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கலப்பு ஒரு வழி. எழுத்துப்பிழை இன்னொரு வழி. ஆர்.என்.ஏ. வைரஸைப் படியெடுக்கும் நொதிக்குத் திருத்திப் பார்க்கும் வசதி இல்லை. பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் பத்து லட்சம் எழுத்துக்கு ஒன்று வரை பிழை விழும். மேல்விளிம்பில் பார்த்தால், 5,900 எழுத்துள்ள இழையில் இரண்டு படிக்கு ஒரு பிழை. ஒரு தூருக்குள், அதாவது ஒரு கரும்புக் குத்துக்குள், கோடிக்கணக்கான படிகள் உருவாகின்றன. ஆகவே ஒரு கரும்புக்குள் இருப்பதை ஒரு வைரஸ் என்பதைவிட, சற்றே மாறுபட்ட பல படிகளின் மந்தை என்பதே சரி. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு என்பதால் உடனே அழிந்துபோகும். மேலுறைப் புரதம் போன்ற பகுதிகளில் மாற்றத்துக்கு இடம் குறைவு. கொஞ்சம் உருமாறினாலும் அசுவினியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைய முடியாமல் போகும். முன்பகுதியில் மாற்றம் அதிகம் தாங்கும். செடியின் எதிர்ப்பை அடக்கும் புரதம் இருப்பது அங்கேதான்.

இதனால்தான் உலகில் இந்த வைரஸின் மரபுவகைகள் பல உருவாகியுள்ளன. பிரேசில்–பெரு வகை, கியூபா வகை, ரீயூனியன் வகை, ஹவாய் வகை, சீன வகை என்று முதலில் கிடைத்த இடத்தின் பெயரால் அழைக்கிறார்கள். இந்தியாவில் கியூபா வகையோடு, இங்கே தனியாகப் பிரிந்த இந்திய வகையும் இருப்பது 2008-இல் தெரியவந்தது. இவை ஒரே வேகத்தில் தாக்குவதில்லை. ஒரே ரகங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ரீயூனியன் வகை மற்ற வகைகளைவிடக் குறைவான செடிகளையே பிடித்தது. ஒரு ரகம் மஞ்சள் இலை நோயைத் தாங்கும் என்று எழுதும்போது எந்த மரபுவகையை வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வாக்கியம் விவசாயிக்குப் பாதிதான் பயன்படும்.

அடுத்தது தேமல். 1892-இல் ஜாவாவில் முதன்முதலில் எழுதிவைக்கப்பட்ட நோய். பழைய நோய் என்பதாலேயே இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1920களில் கரும்புத் தொழிலையே படுக்க வைத்தது இதுதான். அங்கே எதிர்ப்புள்ள ரகங்கள் வந்த பிறகும் கதை முடியவில்லை. ஒவ்வொரு ரகத்தையும் மீறும் புதிய தேமல் வகைகள் வந்தன. ஏ, பி, டி, இ, எச், ஐ, எம் என்று எழுத்திட்டு வைத்தார்கள். பின்னாளில் புரத ஒப்பீடும் மரபணு ஒப்பீடும் வந்தபோது, ஏ, பி, டி, இ ஆகியவை மட்டுமே கரும்புத் தேமல் வைரஸ் என்றும், எச், ஐ, எம் ஆகியவை சோளத் தேமல் வைரஸ் என்ற வேறொரு வைரஸ் என்றும் பிரிந்தன. பல ஆண்டுகளாக ஒரே பெயரில் இரண்டு எதிரிகள் இருந்திருக்கின்றன.

நம் நாட்டிலும் இதேதான் நடந்தது. இங்கு தேமல் வைரஸின் ஒரு வகை என்று எண்ணி வந்ததில் பெரும்பகுதி வேறு இனத்தைச் சேர்ந்தது. பாகிஸ்தானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கரணை அங்குள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் பிடிபட்டு ஆராயப்பட்டதில் 1990களில் கரும்புக் கீற்றுத் தேமல் வைரஸ் என்று அதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா என்று ஆசியா முழுதும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டு தேமலும் ஒன்றுபோலவே தெரியும்: இளந்தோகையை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சைக்கு நடுவே வெளிறிய கீற்றுகள். ஆனால் ஒன்றைக் கண்டுபிடிக்கும் சோதனை மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. கரும்புத் தேமல் வைரஸுக்கு மட்டும் சோதித்து "தேமல் இல்லை" என்று எழுதிக்கொடுத்தால், இந்தியாவில் அதிகம் காணப்படும் கீற்றுத் தேமல் வைரஸ் அந்தச் சான்றோடு சேர்ந்தே வயலுக்குப் போகும்.

மூன்றாவது, கோல்வடிவ வைரஸ். இது ஆர்.என்.ஏ. அல்ல, ஏறத்தாழ 7,500 எழுத்துள்ள வட்ட டி.என்.ஏ. கரும்பு மாவுப்பூச்சி பரப்புகிறது. தோகையில் சின்னச் சின்ன வெளிர்ப் புள்ளிகள் தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். டி.என்.ஏ. என்றால் நிலையாக இருக்கும் என்று தோன்றும். இது பெருகும்போது ஆர்.என்.ஏ. வழியாகப் போய் மறுபடி டி.என்.ஏ.வாக எழுதப்படுகிறது, அந்த மறு எழுத்தில்தான் பிழைகள் குவிகின்றன. இந்த வைரஸ்களில் ஒரு குறிப்பிட்ட மரபணுப் பகுதி 80 சதவீதத்துக்கும் குறைவாக ஒத்திருந்தால் தனி இனம் என்பது விதி. அந்தக் கோட்டை வைத்து அளந்தால் கரும்பில் மட்டுமே பல இனங்கள் கிடைக்கின்றன. இந்தியக் கரும்பிலும் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. வைரஸின் புரதத்தில் ஒட்டும் ஒற்றை எதிர்ப்பொருளையோ, வைரஸின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் ஒற்றைத் தொடக்க இழையையோ வைத்து இதைச் சோதித்து முடித்துவிட முடியாது.

இப்போது சோதனைக்கு வருகிறோம். விதைக்கரணை நாற்றங்காலைப் பார்வையிட்டு "நோயற்றது" என்று கையெழுத்திடும் வழக்கம் பூஞ்சை நோய்களுக்கு ஓரளவு பயன்படலாம். செவ்வழுகலைக் கரும்பைப் பிளந்து பார்க்கலாம், கரிப்பூட்டையின் சாட்டையைத் தூரத்திலேயே பார்க்கலாம். மஞ்சள் இலை நோய்க்கு அது பயன்படாது. விதைக்கரும்பு வெட்டும் பருவம் ஆறு முதல் எட்டு மாதம். அறிகுறி தொடங்குவதே ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு. வைரஸ் நிறைந்த கரும்பு பச்சையாக நின்று கையெழுத்து வாங்கிவிடும்.

எத்தனை தூர் சோதிக்க வேண்டும் என்பது இன்னொரு ஓட்டை. வயலில் நூற்றுக்கு ஒரு தூர் நோயுற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் பரவலாக 50 தூர் எடுத்துச் சோதித்தால், ஒன்றுகூடச் சிக்காமல் போக 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 தூர் எடுத்தால்தான் அது 5 சதவீதத்துக்குக் குறையும். 300 சோதனைக்குச் செலவு அதிகம் என்பது உண்மை. பத்துத் தோகைகளை ஒன்றாக அரைத்து ஒரு மாதிரியாக்கினால் 30 சோதனையில் முடியும். எந்தக் கட்டு நோயுற்றது என்று தெரிந்தால் அந்தப் பத்தை மட்டும் தனித்தனியாகப் பார்க்கலாம். வரப்பை ஒட்டிய முதல் இரண்டு பாரில் மட்டும் இலை பறித்து வருவது மாதிரி எடுப்பதே அல்ல.

தோகையும் உறையும் சேரும் மடிப்பு முழுதாகத் தெரியும் முதல் தோகையை எடுக்க வேண்டும். மஞ்சள் இலை வைரஸ் சாற்றுக் குழாயில் மட்டுமே வாழ்வதால் நடுநரம்பிலிருந்து ஒரு விரல் நீளம் வெட்ட வேண்டும். இலைத் தாளை மட்டும் அரைத்தால் தவறிப்போகலாம். பறித்த உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். மதிய வெயிலில் பையில் சுற்றி வந்த இலையில் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், சோதனை "இல்லை" என்று சொல்லும், அது வைரஸ் இல்லாததால் அல்ல. இதைப் பிடிக்க ஒவ்வொரு மாதிரியிலும் கரும்பின் சொந்த மரபணு ஒன்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது மாதிரி எடுக்க வேண்டும்.

பரிணாமத்தால் வரும் இடர், மரபணுவைப் பல படியாகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையின் நடுவிலேயே இருக்கிறது. அந்தச் சோதனை வைரஸின் இழையில் ஏறத்தாழ 20 எழுத்துள்ள ஒரு சொல்லைத் தேடுகிறது. தொடக்க இழையின் வளரும் முனையில் கடைசி இரண்டு மூன்று எழுத்து பொருந்தாவிட்டால் படியெடுத்தல் தொடங்காது. வெளிநாட்டு வைரஸின் வரிசையைப் பார்த்து வடிவமைத்த தொடக்க இழையை, நம் வயலில் இருபது தலைமுறை மாறிவிட்ட வைரஸுக்குப் பயன்படுத்தினால் பொய்யான "இல்லை" வரும். மாற்றம் குறைவான மேலுறைப் புரதப் பகுதியைக் கண்டறியவும், மாற்றம் மிகுந்த முன்பகுதியை மரபுவகை பிரிக்கவும் பயன்படுத்துவதே முறை. இரண்டையும் மாற்றிச் செய்வதையும் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு ஆலைப் பகுதியிலிருந்தும் சில வைரஸ் மாதிரிகளின் மரபு வரிசையைப் படித்து, கையிலுள்ள தொடக்க இழைகள் இன்னும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தால் போதும். மாநிலம் முழுதுக்கும் இது கட்டுப்படியாகாத செலவல்ல.

விதைக்கரணையைச் சுத்தப்படுத்துவதில் இருக்கும் ஒரு நம்பிக்கையையும் இங்கே திருத்த விரும்புகிறோம். 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் ஊறவைப்பது மறுதாம்புக் குட்டை நோய்க்கான பாக்டீரியாவுக்கு நல்ல மருந்து. வெப்பக்காற்றுச் சிகிச்சை புல் தழை நோய்க்கு உதவும். மேலே சொன்ன எந்த வைரஸையும் இவை கரணையிலிருந்து நம்பிக்கையாக நீக்குவதில்லை. "வெப்பச் சிகிச்சை செய்த கரணை" என்ற சொல்லை "வைரஸ் அற்ற கரணை" என்று விற்கக் கூடாது.

வைரஸை நீக்க வழி குருத்து நுனித் திசு வளர்ப்பு. வளர்முனைக் குவிமாடத்துக்குச் சாற்றுக் குழாய் இன்னும் எட்டாததால் மஞ்சள் இலை வைரஸ் அங்கே இருப்பதில்லை. அரை மில்லிமீட்டர் அளவில் வெட்டினால் பெரும்பாலும் சுத்தமாக வரும். 2, 3 மில்லிமீட்டராக வெட்டினால் செடி எளிதாகப் பிழைக்கும், வைரஸும் பிழைக்கும். ஆய்வகங்களில் தவறு நடக்கும் இடம் இதுதான். நிறைய செடி பிழைக்க வேண்டும் என்ற அவசரத்தில் துண்டு பெரிதாகிவிடுகிறது. ஒவ்வொரு நுனியும் தனித் தாய்வரிசை. ஒவ்வொன்றையும் பெருக்கத்துக்கு முன்பே சோதிக்க வேண்டும். பெருக்கிய பின் சோதித்தால், தவறிய ஒரு வரிசை ஆயிரக்கணக்கான நாற்றாகக் குழித்தட்டுகளில் ஏறியிருக்கும். கணுவிலுள்ள பருவை மட்டும் சீவி எடுத்து வளர்க்கும் பருச்சீவல் நாற்றுக்கும் இது பொருந்தும். 50 குழித் தட்டில் தென்னைநார்க் கழிவில் அழகாக முளைத்த நாற்று, தாய்க் கரும்பு சுத்தமாக இருந்தால் மட்டுமே சுத்தம்.

சுத்தமான நாற்று வயலுக்கு வந்த பிறகு அதைக் காப்பது நோய்க்கு நோய் மாறும். மஞ்சள் இலை வைரஸை அசுவினி எடுத்துக்கொள்ள நேரம் ஆகும். எடுத்த வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றி உமிழ்நீருக்கு வந்து சேர வேண்டும். ஆகவே விதைப் பண்ணையில் அசுவினியைக் கட்டுப்படுத்துவதில் பயன் உண்டு. கரும்புத் தேமல் வைரஸ் அசுவினியின் வாய்முனையில் ஒட்டிச் சில நொடிகளில் அடுத்த செடிக்குப் போய்விடும்; மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். அங்கே மருந்தடிப்பது காசுக்குக் கேடு; நான்கு மாதத்துக்குள் தேமல் தூரை வேரோடு பிடுங்குவதே வழி. கீற்றுத் தேமல் முக்கியமாகக் கரணையாலும் வெட்டுக்கத்தியாலும் பரவுகிறது. ஒரு கட்டு வெட்டியதும் கத்தியைத் துடைத்து, வீட்டு பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். இரண்டு கத்தி இருந்தால் வேலை நிற்காது. துடைக்காமல் முக்கினால் கருப்பஞ்சாறு குளோரினை வீணாக்கிவிடும். கரைசல் பழுப்பேறினால் மாற்ற வேண்டும். மஞ்சள் இலை வைரஸ் கத்தியால் பரவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கத்தியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அந்த நோய் தீரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

விதைப் பண்ணையைப் பழைய மறுதாம்பு வயலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்த வயலில் இரண்டு மரபுவகைகள் ஒரே தூரில் சேர வாய்ப்பு அதிகம், கலப்பு பிறக்கும் இடமும் அதுதான். வரப்பில் நிற்கும் சோளத்தையும் காட்டுச் சோளப் புல்லையும் விட்டுவைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சோள இனத்தைச் சேர்ந்த கொலம்பஸ் புல்லில் மஞ்சள் இலை வைரஸ் பெருவாரியாக இருந்தது கண்டறியப்பட்டுள்ளது.

எங்கள் கோரிக்கை இது. சர்க்கரை ஆலைகளும் வேளாண் துறையும் விவசாயிக்குக் கொடுக்கும் விதைக்கரணை அல்லது நாற்றுச் சீட்டில் நான்கு வைரஸ்களின் முடிவையும் தனித்தனியாக அச்சிட வேண்டும்: கரும்புத் தேமல், கீற்றுத் தேமல், மஞ்சள் இலை, கோல்வடிவ வைரஸ். எந்தத் தேதியில், எத்தனை தூரில், எந்த மரபணுப் பகுதியை வைத்துச் சோதித்தார்கள் என்ற மூன்று வரியும் அதில் இருக்க வேண்டும். 1912 முதல் கரும்பு ஆராய்ச்சி நடக்கும் கோயம்புத்தூரில் இதற்கான அறிவும் கருவிகளும் இருக்கின்றன. விதைக்கரணையை மூன்று கட்டமாகப் பெருக்கும் மூன்றடுக்கு விதைப்பண்ணை முறையில் மேலடுக்கில் ஒரு ஏக்கர் தவறினால் அடுத்தடுத்த நடவில் பத்து ஏக்கர், நூறு ஏக்கர் என்று அது விரியும். வரும் நடவுப் பட்டத்துக்கு முன்பாக மேலடுக்குப் பண்ணைகளிலாவது 300 தூர் கணக்கில் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரும்பு நோயியல் பணியில் உள்ளவர்கள்,
கோயம்புத்தூர்.